பிள்ளைப்பேறும் ஓமோன்களும்



பிள்ளைப்பேறு பற்றிப் பேசுவதற்கு ஒரு வைத்தியரையன்றோ அழைத்திருக்க வேண்டும், பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதில் என்ன அலுவல் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்து முப்பது ஆண்டுகளைக் கழித்தவள். இப்பொருளை நான் நாடிச் சென்றமைக்குக் காரணம் ஓர் இரவு.

என் மூத்த மகளின் முதற் பிரசவத்துக்காக ஒரு வைத்தியசாலைக்குச் சென்றிருந்தோம். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே கிடந்த வாங்கிலே, மாலை ஆறு மணி தொடக்கம் மறுநாட் காலை வரை நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. வீட்டிலிருந்து புறப்படும்போது நோ நன்றாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. உள்ளே கொண்டுசென்று கட்டிலில் ஏற்றிய சிறிது நேரத்தில் அது தளர்ந்துவிட்டதாம். ஆகவே மருந்து கலந்த சேலைன் ஏற்றியிருக்கிறோம் என்று தாதியொருவர் நள்ளிரவில் வந்து சொல்லிப் போனார். விடியற்புறம் பேரன் பிறந்தான். தாயும் சேயும் நலம். முறையிடுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் மூன்றாம் நாள் வீட்டிலே மகள் சொன்ன வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. "நோ பெரிசில்லை அம்மா. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை எண்டதுதான் தாங்கேலாமல் கிடந்தது."

வீட்டிலே நன்றாக வந்த நோ கட்டிலில் ஏறியவுடன் ஏன் தளர வேண்டும்? தனிமைக்கும் நோவுக்கும் தொடர்பு உண்டா? இந்த இரு வினாக்களோடும் நான் நூல்களைத் தேடிப் படித்தேன். அறிந்த வைத்தியர்களிடமும் மருத்துவமாதரிடமும் கேட்டேன். அவற்றாற் பெற்றதையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

நம் உடலின் ஒரு பகுதியிற் சுரந்து, குருதியோடு கலந்து சென்று, தொலைவிலுள்ள வேறொரு பகுதியைத் தொழிற்படத் தூண்டும் பொருள்களை ஓமோன்கள் என்பர். கிளர்ந்தெழச் செய்வது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1905ஆம் ஆண்டிலே இலண்டனில் ஆற்றிய விரிவுரையொன்றில் ஏர்னஸ்ற் ஸ்ராலிங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் வழங்கினார். அதற்கு மறு ஆண்டு, ஹென்றி டேல் என்னும் மற்றோர் ஆங்கில அறிஞர் ஓர் உண்மையைத் தற்செயலாகக் கண்டார். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது றை என்னும் தானியக் கதிரிற் பற்றும் எர்கொட் என்ற பூஞ்சணத்தை. ஐரோப்பிய மருத்துவிச்சிகள் பிள்ளை பிறப்பதற்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்த பொருள் அது. அந்த ஆராய்ச்சியினிடையே, மூளையின் அடியில் ஒரு கடலையளவில் தொங்கும் கபச்சுரப்பியின் பின்பாகத்திலிருந்து எடுத்த சாறு, பூனையின் கருப்பையை இறுகச் சுருங்கச் செய்வதை அவர் கவனித்தார். டேலுக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதற்காக அன்று, நரம்புகள் இரசாயனப் பொருள்களால் செய்தி கடத்துவதை விளக்கியதற்காக. பூனையின் கருப்பையிற் கண்டது அவருடைய வாழ்க்கையில் ஒரு கிளைக்கதை. கோடிக்கணக்கான தாய்மாரின் வாழ்க்கையில் அது கிளைக்கதையாக நிற்கவில்லை.

அச்சாற்றில் இருந்த ஓமோனுக்கு ஒட்சிற்றோசின் என்பது பெயர். விரைவான பிறப்பு என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. பரிவகக்கீழ் என்று நம் விஞ்ஞான பாடநூல்கள் கூறும் மூளைப் பகுதியில் அது உண்டாகி, கபச்சுரப்பியின் பின்பாகத்திற் சேமிக்கப்பட்டு, வேண்டும்போது குருதியில் விடப்படுகிறது. வேண்டும்போது என்றேன். அந்த வேளையை அறிவிப்பது எது?

கர்ப்பகாலம் முற்றும்போது கருப்பைச் சுவரிலே ஒட்சிற்றோசினை ஏற்கும் வாங்கிகள் மிகப் பெருகுகின்றன. முன்னர் பத்துமுறை தட்டினாலும் கேளாத கதவு இப்போது ஒரு தட்டலுக்கே திறக்கும் நிலை. கருப்பை சுருங்குகிறது, பிள்ளையின் தலை கருப்பைக் கழுத்தை அழுத்துகிறது, அழுத்தப்பட்ட கழுத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது, மூளை மேலும் ஒட்சிற்றோசினை விடுகிறது, கருப்பை முன்னிலும் வலிதாகச் சுருங்குகிறது. கனடாவிலே பேகசன் என்னும் வைத்தியர் 1941இல் முயல்களில் இதைக் காட்டியமையால் இதற்குப் பேகசன் தெறிவினை என்று பெயர். உடலின் பெரும்பாலான ஒழுங்குகள் மிகுந்ததைக் குறைத்துச் சமன் செய்வன: வெப்பம் கூடினால் வியர்க்கிறது, நீர் குறைந்தாற் தாகம் எடுக்கிறது. இதுவோ கூடினால் இன்னும் கூட்டுவது. பிள்ளை வெளியே வந்தாலன்றி நில்லாத சக்கரம்.

இச்சக்கரத்தின் ஓட்டம் ஒரே சீரானதன்று. ஒட்சிற்றோசின் துடிப்புத் துடிப்பாக விடப்படுகிறது. குருதியில் அது சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் அழிந்துபோகிறது. ஒரு சுருக்கம், பின் ஓய்வு. மறுபடியும் ஒரு சுருக்கம், பின் ஓய்வு. இந்த ஓய்வுதான் பிள்ளையின் மூச்சு எனலாம். சுருக்கத்தின்போது நச்சுக்கொடிக்குப் பாயும் குருதி குறைகிறது. ஓய்விலே அது மறுபடி பெருகி, பிள்ளைக்கு ஒட்சிசனைக் கொண்டுசேர்க்கிறது.

இதே ஓமோன்தான் பாலையும் இறக்குவது. பசு வளர்த்த நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழக்கமில்லாத கை மடியைத் தொட்டாலோ, அருகே நாய் குரைத்தாலோ பசு பாலை இறக்காது. மடி நிறைந்திருக்கும், ஒரு துளி வராது. 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீற்றர்சன் என்ற இருவர் இதைப் பரிசோதித்துப் பார்த்தனர். அவர்கள் செய்ததைச் சொன்னாற் சிரிப்பு வரும். பால் கறக்கும் வேளையில் பசுவின் முதுகிலே ஒரு பூனையை ஏற்றிவிட்டு, காகிதப் பைகளை ஊதிப் பட்பட்டென்று வெடித்தார்கள். பால் நின்றது. அச்சத்திற் சுரக்கும் அதிரினலின் என்ற ஓமோனை ஊசியாற் செலுத்தியபோதும் பால் நின்றது. பூனையும் பையும் செய்த வேலையை அதிரினலின் தனியே செய்தது.

இனி என் மகளின் கட்டிலுக்கு வருவோம். அச்சம், குளிர், அந்நியமான இடம், இடையறாத வெளிச்சம், முகம் தெரியாதோர் வந்து வந்து போதல் ஆகியவற்றால் அதிரினலின் மிகும். அதிரினலின் கருப்பைத் தசையைத் தளர்த்தும் இயல்புடையது. காட்டிலே ஈனத் தொடங்கிய மானுக்குப் புலியின் வாடை வந்தால் பிரசவம் நின்று கால்கள் ஓட வேண்டும். அதற்காக இயற்கை அமைத்த பூட்டு இது என்று அறிஞர் சிலர் கருதுவர். சிக்காகோவில் நைல்ஸ் நியூட்டன் என்ற பெண்மணி 1960களில் ஈனும் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனைகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. ஒதுக்கிடத்தில் அமைதியாக விடப்பட்ட எலிகளிலும் பார்க்க, எடுத்தும் மாற்றியும் குழப்பப்பட்ட எலிகளுக்குப் பிரசவம் தாமதித்தது. மனிதர் எலிகள் அல்லர் என்பதை நான் அறிவேன். ஆனால் வைத்தியசாலை வாயிலை மிதித்ததும் நோ தளரும் தாய்மாரைக் காணாத மருத்துவமாது எவரும் இல்லை என்று, நான் கேட்ட ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. வியந்தவள் நான்தான்.

நோவைத் தணிக்கவும் உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. அபின் போன்று தொழிற்படும் பொருள்களை மூளை தானே ஆக்குகிறது என்பதை ஸ்கொத்லாந்தின் அபடீனில் ஹியூஸ், கொஸ்ரலிற்ஸ் ஆகிய இருவர் 1975இல் வெளியிட்டனர். இவற்றோடு ஒத்த என்டோபின் என்பது, பிரசவம் முற்ற முற்றத் தாயின் குருதியில் ஏறிச் செல்கிறது. பிரசவத்தின் கடைப்பகுதியிற் பல தாய்மார் கண்ணை மூடி, சுற்றுப்புறம் மறந்து, சுருக்கங்களுக்கிடையே கண நேரம் உறங்கியும் விடுவதை முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். அதற்கு ஒரு காரணம் இதுவாகலாம்.

பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. பிரசவத்தின் நெருக்குதலாற் பிள்ளையின் உடலிலேயே அதிரினலின் இனத்து ஓமோன்கள் வெள்ளமெனப் பெருகுகின்றன. தாயிலே தடையாகும் அதே பொருள் பிள்ளைக்கு வரமாகிறது. கருவிலே நுரையீரலில் நிறைந்திருந்த நீரை உறிஞ்சுவிக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் குருதி குறையாமற் காக்கிறது. பிறந்தவுடன் விழித்துப் பார்க்கச் செய்கிறது. நோ தொடங்குமுன்னரே, குறித்த நாளிற் சத்திரசிகிச்சையாற் பிறக்கும் பிள்ளைகளிடம் மூச்சுத் திணறல் சற்று அதிகமாகக் காணப்படுவதற்கு இவ்வெள்ளம் வராமையும் ஒரு காரணம். முப்பத்தொன்பது வாரம் நிறையுமுன் அவ்வாறு பிறப்பிக்கும்போது அந்த வாய்ப்பு மேலும் கூடும். நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்துச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. வைத்தியர் மறுத்தால் அவரை முரடர் என்று ஏசுவோரும் உண்டு. அவர் எதைக் கணக்கிடுகிறார் என்பதை இனியேனும் விளங்கிக்கொள்ளலாம்.

இத்துணையும் கேட்டபின், அப்படியானால் வைத்தியசாலையே வேண்டாம், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இயற்கை பார்த்துக்கொண்ட காலத்தை என் பேத்தியார் அறிந்திருந்தார். அவருடைய தமக்கையார் வீட்டறையிலே, ஊர் மருத்துவிச்சியின் கையிலே, சுற்றம் சூழத்தான் பிள்ளை பெற்றார். இருள், அமைதி, அறிமுகமான முகங்கள் யாவும் இருந்தன. பிள்ளை பிறந்தபின் குருதி நிற்கவில்லை. வண்டி பூட்டி வைத்தியசாலைக்குப் புறப்படுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. இது நடந்தது 1930களில். இலங்கையிலே அப்பத்தாண்டின் நடுப்பகுதியில், ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். நூறு பிள்ளைகளுக்கு இரண்டு தாய்மார்! 2020ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட தொகை 29. மலேரியா ஒழிப்பும், கிராமம் தோறும் சென்ற மருத்துவமாதரும், பெருகிய அரச வைத்தியசாலைகளும், பெண்கல்வியும் சேர்ந்து செய்த வேலை இது. வரலாறு கற்பிப்பவள் என்ற முறையிற் சொல்கிறேன்: நம் நாட்டின் சென்ற நூற்றாண்டு வரலாற்றில் ஐயத்துக்கிடமின்றிப் பெருமைப்படத்தக்கவை சிலவே, அவற்றுள் இது முதன்மையானது.

இங்கே நம் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த அமெரிக்கராகிய டாக்டர் சாமுவேல் கிறீன், மோன்செல் என்பவரின் பிரசவ வைத்திய நூலைத் தமிழிலே ஆக்கி 1857இல் வெளியிட்டார். பிள்ளைப்பேறு பற்றிய மேலை மருத்துவ அறிவைத் தமிழில் எழுதலாம் என்பது அன்றே காட்டப்பட்டுவிட்டது. நாம்தான் இடையிலே மறந்தோம்.

பேத்தியாரின் தமக்கையாரைக் காத்திருக்கக்கூடிய மருந்து எது? பெரும்பாலும் இதே ஒட்சிற்றோசின்தான். பிள்ளை பிறந்து, நச்சுக்கொடி கழன்றபின், கருப்பை இறுகச் சுருங்கினாலன்றித் திறந்த குருதிக்குழாய்கள் மூடா. லிவர்பூல் வைத்தியராகிய பிளேயர் பெல் 1909இலேயே கபச்சுரப்பிச் சாற்றைத் தாய்மாருக்குப் பயன்படுத்தினார். ஆனால் அக்காலத்திற் சாற்றின் வலிமையை அளந்தறிய முடியவில்லை. பிரசவத்தை விரைவுபடுத்த ஊசியாற் பெருமளவு ஏற்றியபோது கருப்பை கிழிந்த தாய்மாரும் உண்டு. 1948இலே இங்கிலாந்தில் தியோபால்ட் என்பவர் அதை நீரிற் கலந்து நாளத்தின் வழியே துளித்துளியாகச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டார். அதன்பின் 1953இல், நியூயோர்க்கிலே வின்சென்ற் டு விக்னோ, ஒட்சிற்றோசின் ஒன்பது அமினோ அமிலங்களாலான சிறு வளையம் என்று கண்டு, அதை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். இத்தகைய ஓமோனொன்று செயற்கையாக ஆக்கப்பட்டது அதுவே முதன்முறை. 1955இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. விலங்குகளின் சுரப்பிகளைச் சேர்த்துப் பிழிய வேண்டிய தேவை ஒழிந்தது. மருந்து தூயதாயிற்று, மலிவாயிற்று. பிள்ளை பிறந்தவுடன் ஒவ்வொரு தாய்க்கும் பத்து அலகு ஒட்சிற்றோசின் கொடுக்க வேண்டும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஊசியை வேண்டாமென்று சொல்லும் தாயிடம் நான் வாதாடுவேன்.

ஆனால் பிறப்புக்குப் பின் இடும் அந்த ஊசியும், பிறப்புக்கு முன் மணிக்கணக்காக ஓடும் சேலைனும் ஒன்றல்ல. மருந்து ஒன்றே, வேலை வேறு. சேலைனில் வரும் ஒட்சிற்றோசின் ஒரே சீராக ஓடுவது; துடிப்பது அன்று. அளவு மிஞ்சினாற் சுருக்கங்கள் நெருங்கி, இடையிலுள்ள ஓய்வு குறுகும். அதனாலேயே அது ஓடும்போது பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதயத் துடிப்பைக் கவனிக்கப் பட்டி கட்டினால், தாய் எழுந்து நடக்க முடியாது. படுத்தே இருந்தால் நோ கடினமாகும். நோ கடினமானால் அதைத் தணிக்க மருந்து வேண்டும். முதுகுத்தண்டின் அருகே செலுத்தும் உணர்ச்சி நீக்கி மருந்து நோவைச் செவ்வையாகத் தணிக்கும். ஆனால் கழுத்திலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியையும் அது மழுங்கச் செய்வதால், முன் கூறிய சக்கரம் தளர, மறுபடி சேலைனின் வேகத்தைக் கூட்ட நேரும். ஒன்று மற்றொன்றை அழைத்து வருகிறது. மேலும், நெடுநேரம் ஓடும் ஒட்சிற்றோசினுக்குக் கருப்பையின் வாங்கிகள் பழகிச் சலித்துவிடுகின்றன. பிறப்பின் பின் கருப்பை சுருங்க வேண்டிய வேளையிலே மருந்துக்கு அது செவிசாயாமல், குருதிப்பெருக்கு ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. இன்னொன்று: குருதியில் ஏற்றும் ஒட்சிற்றோசின் எளிதில் மூளைக்குட் புகுவதில்லை. உடல் தானே விடும்போது மூளைக்குள்ளேயும் அது பரவி அச்சத்தைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. சேலைன் கருப்பையை மட்டும் வேலை வாங்குகிறது.

இவை எதுவும் சேலைன் தீது என்று சொல்வதற்கல்ல. நீர்க்குடம் உடைந்து நெடுநேரமாகியும் நோ வராத தாய்க்கும், இரத்த அழுத்தம் ஏறிய தாய்க்கும், உண்மையிலேயே பிரசவம் நின்றுபோன தாய்க்கும் அது உயிர் காப்பது. கேள்வி எதுவெனில், நின்றுபோயிற்று என்று நாம் எப்போது முடிவு செய்கிறோம் என்பதே. நியூயோர்க்கில் பிறீட்மன் என்பவர் 1950களில் நூற்றுக்கணக்கான பிரசவங்களை வரைபடமாக வரைந்தார். அதிலிருந்து, மணிக்கு ஒரு சென்ரிமீற்றராவது கருப்பைக் கழுத்து விரிய வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவிற்று. அந்த வரைகோட்டுக்குப் பின்தங்கியவளுக்குச் சேலைன். 2018இல் உலக சுகாதார நிறுவனம் அவ்விதியைக் கைவிட்டது. ஐந்து சென்ரிமீற்றர் விரியும்வரை பல தாய்மாருக்கு மெதுவாகவே செல்லும். தாயும் சேயும் நலமாயின் வேகக்குறைவு மட்டும் கைவைப்பதற்குக் காரணமாகாது என்று அது கூறுகின்றது. மாணாக்கர் எல்லாரும் ஒரே வேகத்தில் எழுதுவதில்லை என்பதை அறிய எனக்கும் சில ஆண்டுகள் பிடித்தன. ஆகவே இதைச் சொல்லிக் காட்ட நான் தகுதியுடையேன் அல்லேன்.

சேலைனின் கதையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அயர்லாந்தின் டப்ளின் நகரம். 1960களில் அங்குள்ள தேசிய மகப்பேற்று வைத்தியசாலையில் கீரன் ஓடிறிஸ்கொல் என்ற வைத்தியர், முதற் பிள்ளை பெறும் தாய்மாருக்கு ஒரு திட்டம் வகுத்தார். பிரசவம் தொடங்கிவிட்டதா என்பதைத் திட்டமாக அறிதல். தொடங்கியபின் நீர்க்குடத்தை உடைத்தல். வேகம் குறைந்தால் ஒட்சிற்றோசின் சேலைனைத் தயங்காது ஏற்றுதல். பிரசவம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீளாமற் பார்த்தல். இத்துடன் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது: பிரசவ அறைக்குள் வந்த தாயை ஒரு நிமிடமும் தனியே விடாமல், அவளுக்கென்றே ஒரு தாதி பிள்ளை பிறக்கும்வரை அருகில் இருத்தல். டப்ளினிலே சத்திரசிகிச்சைப் பிரசவங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. அதைக் கேள்வியுற்ற வேறு நாட்டு வைத்தியசாலைகள் அத்திட்டத்தை எடுத்துக்கொண்டன. எதை எடுத்தன தெரியுமா? நீர்க்குடம் உடைக்கும் கொளுக்கியையும் சேலைனையும் எடுத்தன. தாதியை எடுக்கவில்லை. தாதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமன்றோ! எதிர்பார்த்த பயனும் அங்கெல்லாம் கிட்டவில்லை. பிற்காலத்தில் அத்திட்டத்தின் கூறுகளைத் தனித்தனியே ஆராய்ந்தோர், சத்திரசிகிச்சையைக் குறைக்க நீர்க்குடம் உடைத்தலும் சேலைனும் அவ்வளவாக உதவவில்லை என்றும், துணையாளின் உதவிக்கே தெளிவான சான்று உண்டு என்றும் கண்டனர்.

துணையாள் என்பவர் தாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கென்னல், கிளவுஸ் என்ற இரு அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களும் அவர்தம் குழுவினரும் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவிலே, நெரிசல் மிகுந்த ஒரு வைத்தியசாலையில் நடத்திய ஆராய்ச்சி 1980இல் வெளிவந்தது. அங்கும் உறவினர் உள்ளே வரக் கூடாது என்பதே வழக்கம். சில தாய்மாருக்கு மட்டும், முன்பின் அறியாத ஒரு சாதாரண பெண்ணை அருகில் இருத்தினர். அவள் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. முதுகை நீவினாள், கையைப் பிடித்தாள், பேசினாள். அத்தகைய துணை பெற்ற தாய்மாரின் பிரசவம் மற்றவர்களுடையதிலும் ஏறத்தாழப் பாதி நேரத்தில் முடிந்தது. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2017இல் வெளியான மதிப்பாய்விலே பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அடங்குவர். துணை பெற்றவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், சத்திரசிகிச்சையும் நோ மருந்தும் குறைவாகவும் இருந்தமை அதிலே தெளிவாயிற்று. அதிரினலினை அடக்கும் மருந்து ஒரு மனிதக் கை என்று நான் சொன்னால், கலைப் பட்டதாரி கவிதை பேசுகிறாள் என்று நகைப்பீர்கள். எண்கள் சொல்வதும் அதுவே.

ஒரு வேண்டுகோள். இந்த ஓமோன் பற்றிப் பலரும் அளவுக்கு மீறிப் பேசுகின்றனர். ஒட்சிற்றோசின் அன்பின் ஓமோன் என்றும், இயல்பாகப் பெறாதவள் பிள்ளையை முழுதாக நேசிக்க மாட்டாள் என்றும் சொல்வாருளர். பிரான்சிலே 1987இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், முதன்முறை ஈனும் செம்மறியாடுகளுக்கு உணர்ச்சி நீக்கி மருந்து கொடுத்தபோது அவை குட்டிகளை ஏற்கத் தயங்கின என்பது உண்மை. செம்மறியாடு தன் குட்டியை ஏற்பதற்கு அந்த ஒரு கணமே உண்டு. மனிதத் தாய்க்கோ மாதங்கள் உண்டு, மொழி உண்டு, தாலாட்டு உண்டு. சத்திரசிகிச்சையாற் பெற்றவளும், தத்தெடுத்தவளும், பேரனை வளர்க்கும் பேத்தியும் இவ்வுலகில் அன்பில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். உடலின் ஒழுங்கை அறிவது தாய்மாரைக் காப்பதற்கே, அவர்களைக் கூண்டிலேற்றுவதற்கல்ல.

உலகிலே இன்று ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் சத்திரசிகிச்சையாற் பிறக்கிறது. நாடு முழுவதையும் எடுத்து நோக்கினால், நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் தாய் சேய் இறப்பை மேலும் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இற் கூறியது. ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியதா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்ல வல்லவர் அவளைப் பரிசோதிக்கும் வைத்தியரே. நாம் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. கிளினிக்குக்குச் செல்லும்போதே, துணையாள் ஒருவரை உள்ளே விடுவீர்களா என்று மருத்துவமாதிடம் கேட்கலாம். சில அரச வைத்தியசாலைகளில் விடுகிறார்கள். சிலவற்றிலே இடமில்லை, கட்டிலுக்குக் கட்டில் மறைப்பில்லை என்பர். அதுவும் பொய்யன்று. மறைப்புத் துணிக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று பாடசாலைக் கட்டடக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய எனக்கு ஓரளவு தெரியும். ஊர்ச் சங்கங்கள் மதிலுக்கும் வளைவுக்கும் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

அடுத்து, நோ தொடங்கியவுடன் வைத்தியசாலைக்கு ஓட வேண்டுமா? தாயும் சேயும் நலமென்று கிளினிக்கில் முன்னரே சொல்லப்பட்டிருந்து, நோ தொடக்க நிலையில் இருந்து, வைத்தியசாலையும் அண்மையில் இருந்தால், எப்போது வரவேண்டும் என்பதை மருத்துவமாதிடம் முன்கூட்டியே கேட்டு அறிந்து வைத்திருங்கள். நீர்க்குடம் உடைந்தாலோ, குருதி கண்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலையிடி வந்தாலோ ஒரு கணமும் தாமதியாதீர்கள்.

பிள்ளை பிறந்தவுடன் அதைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பிலே கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது இன்று பல வைத்தியசாலைகளில் வழக்கமாகிவிட்டது. பிள்ளையின் கையும் வாயும் மார்பைத் தடவும்போது தாயின் ஒட்சிற்றோசின் மறுபடி எழுந்து, கருப்பையையும் சுருக்குகிறது, பாலையும் இறக்குகிறது. சத்திரசிகிச்சையின் பின்னரும் தாய்க்கு உணர்வு இருந்தால் இதைச் செய்யலாம். அந்த முதல் மணித்தியாலத்தில் புகைப்படம் எடுப்பதற்கும், பிள்ளையைக் கைமாற்றிக் காட்டுவதற்கும் வரிசையில் நிற்கும் உறவினர் சற்றுப் பொறுப்பார்களாக.

என் மகளுக்கு இரண்டாவது பிள்ளை வேறொரு வைத்தியசாலையிற் பிறந்தது. அங்கே கட்டில்களுக்கிடையே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் போட்டிருந்தார்கள். அதில் நான் இருந்தேன். அம்முறையும் நோ ஓரிடத்திலே தளர்ந்தது. வைத்தியர் இரண்டு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காரணத்தைச் சொல்லி, சேலைன் ஏற்றினார். நான் மகளின் முகத்தைத் துடைத்தேன். அவள் கேட்டபோது தண்ணீர் கொடுத்தேன். பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மருத்துவமாது வந்து போகும்போதெல்லாம் என் மகளின் பெயரைச் சொல்லி அழைத்தார். பேத்தி பிறந்ததும் ஊசியும் போட்டார்கள். நான் வெளியே வந்தபோது பொழுது விடிந்திருந்தது. கதவுக்கு அப்பால், வாங்கிலே வேறொரு தாய் பிளாஸ்கை மடியில் வைத்தபடி, தன் முறை வந்து உள்ளே அழைப்பதற்காகக் காத்திருந்தார்.